மாற்று பேட்டரி: உறைக்குள் இருப்பது என்ன?

ஒரு மடிக்கணினியின் உறுப்புகள் அனைத்தும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. திரை, விசைப்பலகை, செயலி, நினைவகம் ஆகியவை எட்டு, பத்து ஆண்டுகள் கடந்தும் குறையின்றி இயங்கிக்கொண்டிருக்க, பேட்டரி மட்டும் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடுகிறது. வேதிவினையால் இயங்கும் பொருள் என்பதால் அத்தளர்ச்சி தவிர்க்க இயலாதது. ஆகவே, பழைய மடிக்கணினியைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் மாற்று பேட்டரி வாங்கியே தீர வேண்டியிருக்கிறது. அவ்வாறு வாங்கச் செல்பவரின் முன் வைக்கப்படும் முதல் கேள்வி, 'ஒரிஜினலா, கம்பேட்டிபிளா?' என்பதாகும். மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது முதல் வகை. அந்த மாதிரிக்குப் பொருந்துமாறு வேறொரு நிறுவனம் தயாரித்தது இரண்டாம் வகை. முன்னதை நம்பலாம், பின்னதை நம்பக் கூடாது என்னும் எளிய பாகுபாடு மக்கள் மனத்தில் ஊன்றியிருக்கிறது. ஆனால், பேட்டரியின் அமைப்பையும் அதன் சந்தையையும் சற்றே ஆராய்ந்தால், அப்பாகுபாடு வாங்குவோருக்கு அதிகம் உதவுவதில்லை என்பதும், அவர் அறிய வேண்டிய மூன்று செய்திகளான, மின்கலம் யாருடையது, எப்போது செய்யப்பட்டது, உண்மையில் எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்பவை பெரும்பாலும் அவருக்குச் சொல்லப்படுவதே இல்லை என்பதும் புலப்படும்.

மடிக்கணினி பேட்டரி ஒற்றைப் பொருள் அன்று. 'செல்' எனப்படும் மின்கலங்கள் பலவற்றையும் அவற்றைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை ஒன்றையும் நெகிழி உறைக்குள் அடைத்த தொகுப்பே பேட்டரி. கழற்றி மாட்டத்தக்க பேட்டரி கொண்ட பழைய மடிக்கணினிகளில் '18650' என்னும் உருளை வடிவ லித்தியம் அயனி மின்கலங்களே பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை என்பதை அந்த எண் குறிக்கிறது. 1991-இல் சோனி நிறுவனம் வணிக அளவில் அறிமுகப்படுத்திய லித்தியம் அயனித் தொழில்நுட்பத்துக்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். இவ்வகை மின்கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். கடைகளில் 'சிக்ஸ் செல்' என்று அழைக்கப்படும் பேட்டரியில், இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்ந்த மூன்று இணைகள் தொடர் இணைப்பில் அமைந்திருக்கும். அதனால் மின்னழுத்தம் மும்மடங்காகி 10.8 அல்லது 11.1 வோல்ட்டாகவும், கொள்ளளவு ஒரு மின்கலத்தினுடையதைப் போல இருமடங்காகவும் ஆகிறது.

இந்த எளிய அமைப்பை அறிந்தவருக்கு, சந்தையில் விற்கப்படும் பல பேட்டரிகளின் லேபிள்களில் உள்ள பொய் கூட்டல் கணக்கிலேயே வெளிப்பட்டுவிடும். 18650 அளவில் இன்று கிடைக்கும் மிகச் சிறந்த மின்கலங்களின் கொள்ளளவு ஏறத்தாழ 3,500 மில்லியாம்பியர்-மணியைச் சுற்றியே இருக்கிறது. மாற்று பேட்டரிகளில் வழக்கமாகப் பொருத்தப்படுபவை 2,200 அல்லது 2,600 அளவினவே. ஆக, ஆறு மின்கலங்கள் கொண்ட 11.1 வோல்ட் பேட்டரி ஒன்று 4,400 அல்லது 5,200 மில்லியாம்பியர்-மணி என்று கூறிக்கொண்டால் அது நம்பத்தக்கது. 7,800 என்று கூறிக்கொண்டால், பக்க இணைப்பிலுள்ள இரு மின்கலங்களும் ஒவ்வொன்றும் 3,900 கொண்டவையாக இருக்க வேண்டும் என்பதால் அது நடைமுறைக்கு ஒவ்வாதது. 7,800 என்னும் எண் ஒன்பது மின்கலங்கள் கொண்ட, வெளியே புடைத்து நிற்கும் பெரிய பேட்டரிக்கே இயல்பாகப் பொருந்தும். எடையும் இதேபோல் ஒரு சான்றாகும். 18650 மின்கலம் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் எடை கொண்டது. உறையையும் பலகையையும் சேர்க்காமலேயே ஆறு மின்கலங்கள் 270 கிராம் நிறுக்க வேண்டும் என்னும்போது, முழு பேட்டரியும் அதைவிடக் கணிசமாகக் குறைந்து நின்றால் உள்ளே இருப்பவற்றின் தரத்தை ஐயுறுவதே முறை. மில்லியாம்பியர்-மணியைக் காட்டிலும் வாட்-மணி என்னும் அளவே ஒப்பிடுவதற்கு ஏற்றது. மின்னழுத்தத்தை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கிடைப்பது அது. 11.1 வோல்ட்டும் 4.4 ஆம்பியர்-மணியும் கொண்ட பேட்டரியின் ஆற்றல் ஏறத்தாழ 49 வாட்-மணி. லேபிளிலுள்ள மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, அந்த லேபிளை அச்சிட்டவருக்கே உள்ளிருப்பதைப் பற்றிய அக்கறை இல்லை என்பது தெளிவாகிவிடுகிறது.

உறைக்குள் செல்லும் மின்கலங்களின் பிறப்பிடம் பலவகைப்பட்டது. பானசோனிக், எல்ஜி, சாம்சங் எஸ்டிஐ போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் முதல்தர மின்கலங்கள் ஒருபுறம் இருக்க, ஆலைச் சோதனையில் எதிர்பார்த்த அளவை எட்டாமல் இரண்டாம் தரமாக ஒதுக்கப்பட்டவை, நெடுநாள் கிடங்கில் தேங்கியவை, கைவிடப்பட்ட பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்துப் புதிய நெகிழி உறை சுற்றப்பட்டவை ஆகியவையும் சந்தையில் புழங்குகின்றன. பிரித்தெடுத்த மின்கலம் எல்லாமே குற்றமுடையது என்று கூறிவிட முடியாது. அளந்து, தரம் பிரித்து, பழையது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அது பயனுள்ள மறுபயன்பாடே. அதைப் புதியதென்று சொல்லி விற்பதே மோசடி. மேலும், தொடர் இணைப்பிலுள்ள மின்கலங்கள் ஒத்த கொள்ளளவும் ஒத்த அக மின்தடையும் உடையனவாக இருக்க வேண்டும். வெவ்வேறு வயதுடைய மின்கலங்களைக் கலந்து கோத்தால், வலுவற்றது முதலில் காலியாகித் தன் எல்லைக்குக் கீழே இழுக்கப்படும். மின்னேற்றும்போதும் அதுவே முதலில் நிறைந்துவிடும். சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியில் அடங்கியிருப்பதுபோல, ஆறு மின்கலங்களில் ஒன்று பழுதானாலும் பேட்டரி முழுவதும் பயனற்றுப் போகிறது.

மின்கலத்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது, அதைக் காக்கும் மின்னணுப் பலகை. மின்கலம் ஒவ்வொன்றும் நிறைவு மின்னழுத்தத்தைத் தாண்டாமலும், மிகத் தாழ்ந்துவிடாமலும், அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயாமலும், வெப்பம் எல்லை கடக்காமலும் பார்த்துக்கொள்வது அதன் பணி. தரமான பேட்டரிகளில் இந்தப் பாதுகாப்பு தவறினாலும் இரண்டாம் அரணாக, நிலையாகத் துண்டித்துவிடும் உருகி ஒன்று தனியே அமைந்திருக்கும். விலையைக் குறைக்க விரும்பும் தயாரிப்பாளர் முதலில் கைவிடக்கூடியவை, அன்றாடப் பயன்பாட்டில் இருப்பதும் இல்லாததும் தெரியாத இத்தகைய அரண்களே. மின்னழுத்தப் பொருத்தமும் இங்கே கருதத்தக்கது. 3.7 வோல்ட் வகை மின்கலம் 4.2 வோல்ட் வரை மட்டுமே மின்னேற்றத்தக்கது. பிற்கால மடிக்கணினிகளில் உள்ள 3.8 வோல்ட் வகை 4.35 வோல்ட் வரை ஏற்கும். முன்னதைக் கோத்து, பின்னதற்குரிய அளவை மடிக்கணினியிடம் கேட்குமாறு பலகையை அமைத்துவிட்டால், ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் மின்கலம் தன் எல்லையைத் தாண்டித் தள்ளப்படுகிறது. இது வாங்குவோரால் கண்டறியவே இயலாத குறை.

இதே பலகையில்தான் பேட்டரியின் இருப்பைக் கணக்கிடும் சில்லும் இருக்கிறது. 1990-களின் நடுவில் இன்டெல், டியூராசெல் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த 'ஸ்மார்ட் பேட்டரி' நெறிமுறையின்படி, வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு, மின்னேற்றச் சுழற்சிகளின் எண்ணிக்கை, வெப்பநிலை ஆகியவற்றை பேட்டரியே கணினிக்குத் தெரிவிக்கிறது. கணினி இவற்றைத் தானாக அளப்பதில்லை. பேட்டரி சொல்வதையே நம்புகிறது. எனவே, பழைய மின்கலங்களைப் பொருத்திவிட்டு, சுழற்சி எண்ணிக்கை சுழியம் என்றும் கொள்ளளவு குறையவே இல்லை என்றும் சில்லில் எழுதிவிட்டால் கணினியும் அதையே திரையில் காட்டும். திரையில் 40 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினி திடீரென அணைந்துபோவது, சில்லின் கணக்கும் மின்கலத்தின் உண்மை நிலையும் ஒட்டாமல் நிற்பதன் அறிகுறியாகும். விண்டோஸ் 8 முதல் கணினியே உருவாக்கித் தரும் பேட்டரி அறிக்கை பயனுள்ளதுதான். எனினும், முழுமையாக மின்னேற்றி, வழக்கமான பணியைச் செய்தவாறு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கடிகாரத்தைக் கொண்டு பார்ப்பதே கூடுதல் நம்பகமான சோதனை.

'ஒரிஜினல்' என்னும் சொல்லின் மீதான நம்பிக்கை தடுமாறும் இடம், பேட்டரியின் வயது. லித்தியம் அயனி மின்கலம் பயன்படுத்தினால் மட்டுமன்றி, சும்மா வைத்திருந்தாலும் முதுமை அடைகிறது. பரவலாக எடுத்தாளப்படும் அளவீடு ஒன்றின்படி, 40 விழுக்காடு மின்னேற்றத்துடன் 25 பாகை செல்சியஸில் ஓராண்டு வைக்கப்பட்ட மின்கலம் தன் கொள்ளளவில் 96 விழுக்காட்டைத் தக்கவைத்துக்கொள்ள, முழு மின்னேற்றத்துடன் 40 பாகையில் வைக்கப்பட்டது அதே ஓராண்டில் 65 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. 40 பாகை என்பது தமிழகக் கோடையில் குளிரூட்டப்படாத கிடங்கு ஒன்று எளிதில் எட்டும் வெப்பநிலை. இப்போது, பத்து ஆண்டுகளுக்கு முன் விற்பனை நிறுத்தப்பட்ட மாதிரி ஒன்றுக்கு உரிய நிறுவனத்தின் அசல் பேட்டரி, பிரிக்கப்படாத பெட்டியில் கிடைக்கிறது என்று கொண்டால், அது எப்போது செய்யப்பட்டது என்னும் கேள்வி எழுகிறது. மாதிரி விற்பனையில் இருந்த காலத்திலேயே செய்யப்பட்டிருந்தால், அசலாக இருந்தும் அது முதுமையடைந்த பொருளே. சென்ற ஆண்டு செய்யப்பட்ட நல்ல மின்கலங்களைக் கொண்டு, முறையான பலகையுடன் வேறு நிறுவனம் கோத்த பேட்டரி அதைவிட நெடுநாள் உழைக்கும். பெயரைவிடத் தயாரிப்பு நாள் முக்கியமாகும் தருணம் இது.

தரக்குறைவு நேரச் சுருக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. மின்கலத்துக்குள் நேர்மின், எதிர்மின் தகடுகளைப் பிரித்து நிற்பது சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நெகிழிப் படலம். அது கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே குறுக்கிணைப்பு ஏற்பட்டு, வெப்பம் வேதிவினையையும் வேதிவினை வெப்பத்தையும் மாறி மாறிப் பெருக்கும் கட்டுக்கடங்கா நிலை உருவாகிறது. தீக்குத் தேவையான எரிபொருள் மின்கலத்துக்குள்ளேயே இருப்பதால் அதை அணைப்பதும் கடினம். பயணிகள் விமானங்களில் லித்தியம் அயனி பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டிருப்பதும், பயணிகள் உதிரி பேட்டரியைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும் என்னும் விதியும் இந்த ஆபத்தை உணர்ந்து வகுக்கப்பட்டவை.

இவ்வாபத்து வேற்று நிறுவனத் தயாரிப்புகளுக்கே உரியது என்று கருதுவதும் பிழை. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளையும், அதே மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் 18 லட்சம் பேட்டரிகளையும் திரும்பப் பெற்றன. சோனி தயாரித்த மின்கலங்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததே அதற்குக் காரணம். 2019-இல் ஆப்பிள் நிறுவனம் தன் 15 அங்குல மேக்புக் ப்ரோ மடிக்கணினிகளில், அமெரிக்காவில் மட்டும் 4 லட்சத்து 32 ஆயிரத்தை பேட்டரிக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தது. உலகின் முன்னணி நிறுவனங்களும் தவறக்கூடும் என்பதைவிட, இந்நிகழ்வுகள் உணர்த்தும் ஆழமான உண்மை ஒன்று உண்டு. ஒவ்வொரு பேட்டரிக்கும் வரிசை எண் இருந்தது. எந்த ஆலையில், எப்போது, எந்த மின்கலத்தைக் கொண்டு செய்யப்பட்டது என்னும் பதிவு இருந்தது. குறை தெரிந்ததும் பொறுப்பேற்க ஒரு பெயர் இருந்தது. ஆகவேதான் திரும்பப் பெற முடிந்தது. பெயரும் நாளும் இல்லாமல் விற்கப்படும் பேட்டரியில் குறை தெரியவந்தாலும், அதை வாங்கியவர் யார் என்று தேடிச் சொல்ல எவரும் இலர்.

தகவல் இல்லாத சந்தையில் தரம் ஏன் நிலைப்பதில்லை என்பதைப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினார். 2001-இல் பகிர்ந்து வழங்கப்பட்ட பொருளியல் நோபல் பரிசை அவருக்குப் பெற்றுத் தந்த சிந்தனை அது. பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டி அவர் கூறியதன் சாரம் பேட்டரிக்கும் அப்படியே பொருந்தும். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் இடர்ப்பாட்டைக் கருதிக் குறைந்த விலையையே தர முன்வருகிறார். அந்த விலைக்கு நல்ல பொருளைத் தர இயலாத நேர்மையான விற்பனையாளர் சந்தையிலிருந்து விலகுகிறார். எஞ்சுவது தாழ்ந்த பொருள் மட்டுமே. முதல்தர மின்கலத்துக்கும் முழுமையான பாதுகாப்புப் பலகைக்கும் செலவிடும் தயாரிப்பாளர், அதே படத்தையும் அதே எண்ணையும் போட்டுப் பாதி விலைக்கு விற்பவரோடு போட்டியிட நேர்கையில், நேர்மையே அவருக்கு நட்டமாகிவிடுகிறது. மலிவை நாடும் மக்களைக் குறைகூறுவதில் பொருளில்லை. கூடுதல் விலை தந்தால் கூடுதல் தரம் கிடைக்கும் என்னும் உறுதியை அவர்களுக்கு எவரும் தரவில்லை.

மடிக்கணினி நிறுவனங்களும் இந்நிலைக்கு ஒரு வகையில் காரணமாகின்றன. சில நிறுவனங்கள், தம்மால் ஏற்கப்பட்ட பேட்டரிதானா என்பதைச் சில்லின் வழியே சரிபார்த்து, அல்லாதவற்றை மின்னேற்ற மறுக்கும் முறையைக் கொண்டுவந்தன. 2012-இல் வெளிவந்த லெனோவா திங்க்பேட் மாதிரிகள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. பாதுகாப்பு கருதிய ஏற்பாடு என்னும் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயினும், சரிபார்ப்பை வைத்துக்கொண்டே உதிரி பேட்டரி வழங்குவதைச் சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டால், அச்சரிபார்ப்பு பயனரை ஆபத்திலிருந்து காப்பதற்கு மாறாக, நல்ல மடிக்கணினியைக் குப்பைக்கோ, அந்தப் பூட்டை ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட போலிச் சில்லுக்கோ தள்ளுகிறது. பேட்டரியைப் பசையிட்டு உள்ளே ஒட்டிவிடும் வடிவமைப்பும் இத்தகையதே. பதனமின்றி நெம்பினால் மென்மையான பை வடிவ மின்கலம் துளைபட்டுத் தீப்பற்றக்கூடும்.

இந்தியாவில் சட்டம் முற்றிலும் வாளாவிருக்கவில்லை. மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-இல் வெளியிடப்பட்டு, பின்னர் கையடக்கப் பயன்பாட்டுக்கான மின்கலங்களும் பேட்டரிகளும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஐஎஸ் 16046 என்னும் இந்தியத் தரத்தின்படி சோதிக்கப்பட்டு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்ற பின்னரே அவை விற்கப்பட வேண்டும். ஆங்கில 'ஆர்' எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணை அமைவனத்தின் கைபேசிச் செயலியில் இட்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால், இத்தரம் புறக் குறுக்கிணைப்பு, நசுங்கல், கீழே விழுதல், மிகை மின்னேற்றம், உயர் வெப்பம் போன்றவற்றை மின்கலம் தாங்குகிறதா என்று சோதிக்கும் பாதுகாப்புத் தரமாகும். லேபிளில் உள்ள கொள்ளளவு ஓராண்டு கழித்தும் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு அது உறுதி தருவதில்லை. சோதனைக்கு அனுப்பப்பட்ட மாதிரியும் கடைக்கு வந்த பேட்டரியும் ஒன்றேதானா என்பதைத் தொடர்ந்து கண்காணிக்காவிட்டால், பதிவு எண்ணும் அச்சிடப்பட்ட இன்னோர் எண்ணாகவே எஞ்சும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, இதில் இன்னும் தொலைநோக்குடன் நடந்துகொண்டிருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கப் பொருட்களிலுள்ள பேட்டரிகளைப் பயனரே சாதாரணக் கருவிகளைக் கொண்டு கழற்றி மாற்றத்தக்கதாக வடிவமைக்க வேண்டும் என்றும், ஒரு மாதிரியின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்த பின் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு உதிரி பேட்டரி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்றும், பொருத்தமான வேறு பேட்டரியை மாட்டுவதை மென்பொருள் கொண்டு தடுக்கக் கூடாது என்றும் அது விதிக்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'பழுதுநீக்கும் உரிமை' இணையவாயிலைத் தொடங்கியது நல்ல தொடக்கம். எனினும், தகவல் தருவதைத் தாண்டி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளாக அது வளர வேண்டியிருக்கிறது.

தமிழகத்துக்கு இவ்விவகாரத்தில் தனி அக்கறை இருக்க வேண்டும். 2011-இல் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த பல லட்சம் மடிக்கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களின் மாணவர்களைச் சென்றடைந்தன. முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்லும் பிள்ளைகளின் வீடுகளில் அதுவே முதல் கணினியாக இருந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தாலும், லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்களைக் கொண்டு அத்தகைய பழைய கணினிகளை இன்னும் பயனுள்ளவையாக வைத்திருக்க முடியும். மென்பொருள் வழிவிடும்போது பேட்டரி தடையாக நிற்பது வருந்தத்தக்கது. புதிய மடிக்கணினி வாங்க இயலாத குடும்பமே மாற்று பேட்டரியை நாடுகிறது. ஏமாற்றத்தைத் தாங்கும் வலிமை குறைந்த அந்தக் குடும்பமே ஏமாற்றப்படுகிறது.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. முதலாவதாக, உறையின் மீது மின்கலத் தயாரிப்பாளரின் பெயர், மின்கலம் செய்யப்பட்ட மாதமும் ஆண்டும், சோதனையில் அளக்கப்பட்ட வாட்-மணி, தொகுதி எண் ஆகியவற்றை அச்சிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். சில ரூபாய் விலையுள்ள மாத்திரை அட்டையிலும் தொகுதி எண்ணும் தயாரித்த நாளும் இருக்கும் நாட்டில், தீப்பற்றக்கூடிய பொருளுக்கு அதைக் கேட்பது மிகையாகாது. இரண்டாவதாக, தர நிர்ணய அமைவனம் கடைகளிலிருந்தும் இணைய அங்காடிகளிலிருந்தும் தானே பேட்டரிகளை வாங்கிச் சோதித்து, முடிவுகளைப் பெயருடன் வெளியிட வேண்டும். அங்காடிகள் பதிவு எண்ணைச் சரிபார்த்த பின்னரே விற்பனைக்கு இடமளிக்க வேண்டும். மூன்றாவதாக, மடிக்கணினி நிறுவனங்கள் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை உதிரி பேட்டரி தருவதையும், அக்காலம் முடிந்ததும் சரிபார்ப்புப் பூட்டைத் திறந்துவிடுவதையும் கடமையாகக் கொள்ள வேண்டும். நான்காவதாக, சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் இயங்கும் பழுதுநீக்குநர்களுக்கு, கொள்ளளவை அளக்கும் கருவியும் பயிற்சியும் கிடைக்கச் செய்ய வேண்டும். அளந்து காட்டி விற்கும் கடை மக்களின் நம்பிக்கையை ஈட்டும்போது, அளக்க மறுக்கும் கடை தானே பின்தங்கும்.

சட்டம் வரும் வரை வாங்குவோர் செய்யக்கூடியதும் உண்டு. எண்களைப் பெருக்கிப் பார்ப்பது, எடையை நிறுப்பது, தயாரிப்பு நாளைக் கேட்பது, பதிவு எண்ணைச் சரிபார்ப்பது, ரசீதும் உத்தரவாதமும் எழுத்தில் பெறுவது, முதல் வாரத்திலேயே நேரத்தை அளந்து பார்ப்பது ஆகியவை எவருக்கும் இயலும். உப்பிய பேட்டரியை அழுத்தி மூடவோ, துளையிடவோ, மின்னேற்றவோ கூடாது. கழித்த பேட்டரியை வீட்டுக் குப்பையில் சேர்ப்பதும் தவறு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் சுமத்தியுள்ளன. அந்தப் பொறுப்பை நிறைவேற்றச் செய்வதற்கும் பேட்டரியின் மீது ஒரு பெயர் இருந்தாக வேண்டும்.

ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரிம உமிழ்வின் பெரும்பகுதி, அது பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, உற்பத்தியின்போதே நிகழ்ந்துவிடுகிறது. இருக்கும் கணினியை மேலும் நான்கு ஆண்டுகள் இயங்கவைப்பது ஏழையின் சிக்கனமாக மட்டும் இல்லாமல், சமூகம் முழுமைக்கும் நன்மையாகிறது. அந்த நான்கு ஆண்டுகள் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஆறு மின்கலங்களையும் ஒரு சிறு பலகையையும் பொறுத்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர் யார், செய்த நாள் எது, தாங்கும் ஆற்றல் எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லும் பேட்டரி, எந்தப் பெயரைத் தாங்கி வந்தாலும் ஏற்கத்தக்கது. விடை சொல்லாத பேட்டரி, அசல் என்னும் முத்திரையோடு வந்தாலும் ஐயத்துக்குரியது. அந்த விடையைக் கேட்டுப் பெறுவது வாங்குவோரின் உரிமை. சொல்லவைப்பது அரசின் கடமை.